வில்லங்கம் இல்லாத வீடு

ஸ்பெயினின் தென்கிழக்குக் கரையில் இருக்கிறது அலிகாந்தே மாகாணம். அங்கே வீடு விற்கும் விளம்பரம் எதைத் திறந்தாலும் ஏறக்குறைய ஒரே வரிகள்தான். இரண்டு படுக்கையறை அபார்ட்மென்ட், பால்கனி, அமைதியான கிராமம், கடற்கரைக்குக் காரில் கொஞ்ச நேரம். இதோடு 'கடல் தெரியும்' என்ற இரண்டு சொற்களும் சேர்ந்துவிட்டால் விலை ஒரு படி ஏறிவிடும். பால்கனி மூலையிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிகிற நீலக் கீற்றாக இருந்தாலும் சரி.

நானூறு வருஷத்துக்கு முன்னால் இதே ஊர்களில் கடல் தெரிகிற வீடு யாருக்கும் வேண்டாத வீடு. உனக்குக் கடல் தெரிகிறது என்றால் கடலில் வருகிறவனுக்கு நீ தெரிவாய் என்று அர்த்தம்.

அப்படி வந்தவர்கள் அல்ஜியர்ஸ் துறைமுகத்தின் கடற்கொள்ளையர்கள். அவர்களுக்குப் பொன்னைவிட மனிதர்கள்தான் சரக்கு. பிடித்துப்போய் வேலை வாங்கலாம், விற்கலாம், மீட்புப் பணம் கேட்கலாம். மால்டாவிலும் இத்தாலியக் கரைகளிலும் இருந்து கிளம்பிய கிறிஸ்தவக் கப்பல்கள் எதிர்க்கரையில் செய்ததும் இதேதான். 16ஆம் நூற்றாண்டில் வலென்சியா ராஜ்ஜியத்தின் கடலோரம் முழுக்கக் காவல் கோபுரங்கள் எழுந்தன. பகலில் புகை, இரவில் நெருப்பு. ஒரு கோபுரத்தில் பற்றவைத்தால் அடுத்த கோபுரம் பார்த்துப் பற்றவைக்கும். அந்தக் காலத்து அலாரம் சிஸ்டம்.

அலாரம் எப்போதும் வேலை செய்யவில்லை. 1637இல் கால்பே என்ற சிற்றூரில் இறங்கியவர்கள் சுமார் 300 பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அன்றைய கால்பேயில் அது ஏறக்குறைய மொத்த ஊர். செர்வாந்தெஸும் இப்படி 1575இல் பிடிபட்டு, அல்ஜியர்ஸில் ஐந்து வருஷம் கைதியாக இருந்தவர். 1580இல் மீட்கப்பட்டுத் திரும்பியபோது அவர் கரையேறியது இந்த மாகாணத்தின் டேனியா துறைமுகத்தில்தான்.

கடலிலிருந்து வருகிற ஆபத்தை மட்டும் அரசு பார்க்கவில்லை. உள்நாட்டு மலைக்கிராமங்களில் மொரிஸ்கோக்கள் இருந்தார்கள். பல நூற்றாண்டுகளாக அங்கே வாழ்ந்து, 1520களில் வலுக்கட்டாயமாகக் கிறிஸ்தவர்களாக்கப்பட்ட முஸ்லிம்களின் சந்ததிகள். கொள்ளையருக்கு இவர்கள் உளவு சொல்கிறார்கள் என்று சந்தேகம். சிலர் சொல்லியும் இருக்கலாம். ஆனால் தண்டனை சிலருக்கு வரவில்லை. 1609 செப்டம்பரில் வலென்சியாவில் அரசாணை அறிவிக்கப்பட்டது. மொரிஸ்கோக்கள் மூன்று நாளில் கிளம்பியாக வேண்டும், கையில் தூக்க முடிந்ததை எடுத்துக்கொள்ளலாம். வீடு, நிலம் எல்லாம் நிலப்பிரபுவுக்கு. டேனியா போன்ற துறைமுகங்களிலிருந்து கப்பல்கள் வட ஆப்பிரிக்காவுக்குப் போய்க்கொண்டே இருந்தன. அந்த ராஜ்ஜியத்தின் மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், சில மாதங்களில் காணாமல் போனார்கள். லகுவார் பள்ளத்தாக்கு மலைகளில் ஏறி எதிர்த்து நின்றவர்களை அந்த நவம்பரிலேயே படை முடித்துவைத்தது.

இப்போது கிராமங்கள் காலி. நிலப்பிரபுக்களுக்கு வீடும் வயலும் கிடைத்துவிட்டது, உழுது வரி கட்ட ஆள் இல்லை. எனவே குடியேற்ற சாசனங்கள் எழுதப்பட்டன. வருகிறவருக்கு வீடு, இவ்வளவு நிலம், பதிலுக்கு இவ்வளவு வாரம் என்று பேசி முடித்த ஒப்பந்தங்கள். இந்தக் கரையின் 'வீடு காலியாக உள்ளது' அறிவிப்புகளில் பழையவை இவை என்று நான் நினைத்துக்கொள்வேன். தார்பெனா என்ற மலைக்கிராமத்துக்கு மயோர்கா தீவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அங்கே இன்றும் பேச்சில் மயோர்கா வழக்கின் சாயல் இருக்கிறது, மயோர்காவின் சிவப்பு சாசேஜும் செய்கிறார்கள். வந்தவர்களின் நாக்கு நானூறு வருஷம் தாக்குப்பிடித்திருக்கிறது.

போனவர்கள் விட்டுச் சென்றது பெயர்களை. பெனிடோர்ம், பெனிசா, பெனிமான்தெல், பெனியார்தா. இந்த 'பெனி' அரபியின் 'பனீ', 'இன்னாரின் மக்கள்' என்று பொருள். இன்று ஜெர்மன்காரர் ஒருவர் அந்த ஊரில் அபார்ட்மென்ட் வாங்கினால், அவருடைய முகவரியில் ஒரு பழைய அரபுக் குலத்தின் வால் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது வெளியேற்றத்தில் வாளும் இல்லை, அரசாணையும் இல்லை. 1830இல் பிரான்ஸ் அல்ஜியர்ஸைப் பிடித்தது. கடற்கொள்ளை பயம் அதோடு தீர்ந்தது. உடனே நடந்தது என்ன? அலிகாந்தேயின் ஏழை விவசாயிகள் அதே அல்ஜீரியாவுக்குத் தாங்களாகவே கப்பலேறினார்கள். எந்தக் கரைக்குப் பாட்டன்மார் சங்கிலியில் போனார்களோ, அந்தக் கரைக்குப் பேரன்கள் கூலிக்குப் போனார்கள். முதலில் அறுவடைக் காலத்துக்கு மட்டும், பிறகு குடும்பத்தோடு. ஒரான் நகரத்தின் ஐரோப்பியர்களில் பெரும்பகுதி ஸ்பானியர்கள் ஆனது இப்படித்தான். டேனியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பல் கப்பலாகப் போன உலர்திராட்சை வியாபாரமும் கொடிகளைத் தின்னும் ஃபைலாக்சரா பூச்சியால் சரிய, போக இன்னொரு காரணம் கிடைத்தது.

1939 மார்ச் 28. உள்நாட்டுப் போரில் குடியரசு தோற்றுக்கொண்டிருந்தது. அலிகாந்தே துறைமுகத்திலிருந்து ஸ்டான்புரூக் என்ற சரக்குக் கப்பல் 2,600க்கும் மேற்பட்ட அகதிகளை ஏற்றிக்கொண்டு ஒரானுக்குக் கிளம்பியது. 1962இல் அல்ஜீரியா சுதந்திரம் அடைந்ததும் திசை மாறியது. அங்கிருந்து வெளியேறிய ஐரோப்பியர்கள் பலர் அலிகாந்தேக்கு வந்து இறங்கினார்கள்.

அவர்கள் வந்த நேரம் இங்கே கட்டடங்கள் மேலே ஏறிக்கொண்டிருந்தன. 1950இல் பெனிடோர்மில் 3,000 பேர்கூட இல்லை. சூரை மீனுக்கு வலைப்பொறி கட்டும் மீனவர் ஊர். அதன் மேயர் பெத்ரோ சரகோசா 1956இல் ஒரு நகரத் திட்டம் கொண்டுவந்தார். ஊர் உயரமாக வளரத் தொடங்கியது. பிகினியை அனுமதித்ததற்குத் தேவாலயம் தன்னை விலக்கிவைக்கப் பார்த்தது, வெஸ்பாவில் மாட்ரிட் வரை போய் ஃபிராங்கோவிடமே பேசினேன் என்பது மேயர் சொன்ன கதை. எவ்வளவு உண்மையோ. ஆனால் ஊரை மாற்றியவை பிகினியைவிடச் சுவாரசியம் குறைந்த காகிதங்கள்.

ஒன்று, 1959இன் பொருளாதாரத் திட்டம். ஒரு டாலருக்கு 42 பெசெட்டா என்றிருந்த மதிப்பை 60 ஆக்கினார்கள். வெளிநாட்டுக்காரருக்கு ஸ்பெயின் திடீரென்று மலிவாகிவிட்டது. இன்னொன்று, 1960 ஜூலையின் கிடைமட்டச் சொத்துச் சட்டம். நிலம் யாருடையதோ கட்டடமும் அவருடையது என்பது ரோமானியர் காலத்து விதி. அப்படியானால் ஐந்தாவது மாடி யாருடையது? மாடி தனித்தனியாக ஒவ்வொருவருக்கும், நிலமும் படிக்கட்டும் கூரையும் எல்லோருக்கும் பொதுவாக என்று 1939இலேயே ஓர் ஏற்பாடு வந்திருந்தது. 1960இல் அது முழுச் சட்டமானது. நம் ஊரில் பிளாட் வாங்குகிறவர் பத்திரத்தில் தேடும் 'பிரிபடாப் பங்கு' மாதிரி. ஒரு குடும்பத்துக்கு மட்டும் விற்க முடிந்த நிலத்தை இனி நூறு குடும்பத்துக்கு விற்கலாம். 1967இல் அலிகாந்தே விமான நிலையமும் திறந்தாயிற்று. இன்று பெனிடோர்மில் சுமார் 70,000 பேர். ரொஹாலெஸ் போன்ற ஊர்களில் பதிவான மக்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டவர்.

மூன்றாவது வெளியேற்றம் இதற்குள்தான் நடக்கிறது, சத்தமில்லாமல். யாரும் யாரையும் துரத்தவில்லை. பாட்டி வீட்டைப் பேரன் நல்ல விலைக்கு விற்கிறான், அதில் தப்பே இல்லை. ஆனால் அதே தெருவில் ஓட்டலில் வேலை பார்க்கும் இன்னொரு பேரனுக்கு இனி அங்கே வாடகைக்குக்கூட வீடு கிடைக்காது. 5 லட்சம் யூரோவுக்குச் சொத்து வாங்கினால் வசிப்புரிமை என்று 2013இல் தொடங்கிய திட்டத்தை ஸ்பெயின் 2025 ஏப்ரலில் நிறுத்திக்கொண்டது. வீட்டு விலைமேல் இருந்த கோபம்தான் காரணம்.

மூன்றையும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். 1609இல் துரத்தப்பட்டவரையும் 2025இல் விலை கட்டுப்படியாகாமல் போகிறவரையும் ஒரே தராசில் வைப்பது முன்னவருக்குச் செய்யும் அநியாயம். ஒரு விஷயம் மட்டும் பொது. கிராமத்தில் ஒரு வீடு காலியாக இருக்கிறது என்றால் அதற்கு முன் ஒரு போதல் இருக்கிறது. விளம்பரம் அங்கிருந்து தொடங்குவதில்லை.

ஸ்பெயினில் வீடு வாங்குபவர் முதலில் சொத்துப் பதிவகத்திலிருந்து 'நோட்டா சிம்ப்ளே' என்ற சான்றை எடுப்பார். உரிமையாளர் யார், அடமானம் உண்டா, வழக்கு உண்டா என்று அதில் இருக்கும். நம்முடைய வில்லங்கச் சான்றிதழின் தம்பி. அந்தப் பதிவகம் 1861ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. அதற்கு 252 வருஷம் முன்னால் மூன்று நாள் கெடுவில் வீட்டை விட்டுப் போனவர்கள் அதில் எந்தப் பக்கத்திலும் இல்லை. எனவே சான்றிதழ் சுத்தமாக வரும், வாங்குபவரும் நியாயமாகத்தான் வாங்குவார்.

இப்போதும் அல்ஜீரியாவிலிருந்து சிறு படகுகளில் இளைஞர்கள் இந்தக் கரைக்கு வருகிறார்கள், சிலர் வந்து சேராமல் போகிறார்கள். அந்தப் படகுகள் வருவது, விளம்பரத்தில் விலையைக் கூட்டுகிற அதே கடலில்.