பின்னணியில் ஓடும் காவல்காரன்: ஆண்டிவைரஸ் எடை குறைந்த வரலாறு

கணினியை ஆன் செய்து ஐந்து நிமிடம் ஆகியும் மவுஸ் அசைய மறுக்கிறது, வன்தட்டின் விளக்கு மட்டும் விடாமல் மினுக்குகிறது என்றால் பலரும் முதலில் திட்டுவது ஆண்டிவைரஸைத்தான். இந்தத் திட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு!

1986ல் பாகிஸ்தானின் லாகூர் நகரில் இரண்டு சகோதரர்கள் எழுதிய 'பிரெயின்' தான் ஐபிஎம் பிசிக்களில் பரவிய முதல் வைரஸாகக் கருதப்படுகிறது. பிளாப்பியின் பூட் செக்டரில் அது ஒளிந்திருக்கும். அன்றைய ஆண்டிவைரஸ்களில் பலவற்றை நாமே கட்டளை கொடுத்து ஓட்ட வேண்டும். தேடி முடித்ததும் அவை போய்விடும். ஒரு சோதனைக்கும் அடுத்த சோதனைக்கும் நடுவே வைரஸ் நுழைந்தால்? அந்த இடைவெளியை அடைக்க வந்தவைதான் நினைவகத்திலேயே தங்கும் டிஎஸ்ஆர் நிரல்கள். 1987ல் வந்த ஃப்ளூஷாட், 1993ல் எம்எஸ்-டாஸ் 6 உடன் வந்த வி-சேஃப் எல்லாம் இந்த வகை.

ஆனால் டாஸில் சாதாரண நிரல்களுக்குக் கிடைத்தது 640 கேபி மட்டுமே. காவல்காரன் உட்கார்ந்த ஒவ்வொரு கேபியும் மற்ற நிரல்களுக்கு நஷ்டம். இடம் போதாதவர்களுக்கு இருந்த சுலபமான வழி, ஆட்டோஎக்ஸெக் பைலில் அந்த ஒரு வரியை அழித்துவிடுவது. காவலும் அதோடு போனது.

விண்டோஸ் 95 வந்ததும் இடப் பிரச்சினை தணிந்தது, நேரப் பிரச்சினை முளைத்தது. எந்தக் கோப்பைத் திறந்தாலும் ஆண்டிவைரஸ் அதை நிறுத்தி, தன் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே உள்ளே விடும். 1999ல் மெலிசா, 2000ல் ஐ லவ் யூ என்று மின்னஞ்சல் வழியே வைரஸ்கள் பரவியதால் அஞ்சலையும் சோதிக்க வேண்டியதாயிற்று. பட்டியலும் வருடா வருடம் வீங்கியது. இரண்டு ஆண்டிவைரஸ்களை ஒரே கணினியில் போட்டவர் பாடு இன்னும் மோசம். ஒன்று திறக்கும் கோப்பை மற்றொன்று சோதிக்கும்!

எரிச்சலில் காவலை அணைத்துவிட்டால் ஆண்டிவைரஸ் இருந்தும் பயனில்லை. எனவே வேகம் என்பதே பாதுகாப்பின் ஒரு பகுதி ஆனது. காஸ்பர்ஸ்கையின் ஐ-செக்கர், முன்பு சோதித்த கோப்பு மாறவில்லை என்றால் மறுபடி சோதிக்காமல் விட்டது. 2008ல் வெளியான நார்ட்டன் 2009, நம்பகமானவை என்று தெரிந்த கோப்புகளைத் தாண்டிச் சென்றது. 2009ல் மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தந்த செக்யூரிட்டி எசென்ஷியல்ஸில், கணினி சும்மா இருக்கும்போது மட்டும் முழுச் சோதனையைத் தொடங்கச் சொல்லலாம். 2012ல் விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் முழு ஆண்டிவைரஸாகவே உள்ளே வந்துவிட்டது. இன்றைய டிஃபெண்டரில் நேரம் குறித்த சோதனைக்கு ப்ராசசரில் சராசரி 50 சதவீதம் என்ற வரம்பு உண்டு. அதைக் குறைக்கவும் முடியும். ஆனால் கோப்பைத் திறக்கும்போது நடக்கும் சோதனையை இந்த வரம்பு கட்டுப்படுத்தாது.

சிலர் 'இந்த ஃபோல்டரைப் பார்க்காதே' என்று விலக்கு கொடுத்து வேகம் கூட்டுகிறார்கள். இதில் கவனம் தேவை. தானே விலக்குப் பட்டியலில் நுழைந்து ஒளிந்துகொள்ளும் தீய நிரல்களும் உண்டு.

2023ல் விண்டோஸ் 11க்கு வந்த டெவ் டிரைவ் இன்னொரு படி போனது. நிரல் எழுதுபவர்களுக்கான அந்த டிரைவில் கோப்பை முதலில் திறக்க விட்டு, சோதனையைப் பிறகு செய்யும் முறை இருக்கிறது. அன்று டிஎஸ்ஆர் அடைத்த இடைவெளியை வேகத்துக்காக, தெரிந்தே, கொஞ்சம் திறந்து வைப்பதுதான் இது. அதனால்தான் இம்முறை நம்பகமான டெவ் டிரைவோடு நிற்கிறது. மற்ற டிரைவ்களில் இன்றும் சோதனை முடிந்த பிறகே கதவு திறக்கிறது.