புழக்கடையும் நத்தமும்

வீட்டுத் தோட்டத்தைப் பற்றி நம்மிடையே எழுதப்படுபவை இரண்டு வகை. எத்தனை அடிக்கு ஒரு குழி, எத்தனை கைப்பிடி எரு என்று சொல்பவை ஒன்று. மண்ணைத் தொட்டதும் மனசு லேசாகிவிட்டதென்று சொல்பவை மற்றொன்று. முதல் வகை உபயோகமானது. இரண்டாவது வகையை என்னால் நம்ப முடிவதில்லை. மண்ணைத் தொட்டால் முதலில் வருவது முதுகுவலி. அதற்கப்புறம் எனக்கு வந்தது ஒரு கேள்வி. அந்தக் கேள்வியின் சரித்திரத்தை எனக்குத் தெரிந்த அளவில் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூரில் நான் குடியிருக்கும் வீட்டின் பின்னால் இருபதடிக்குப் பதினைந்தடி காலி இடம் இருக்கிறது. பொங்கல் கழிந்ததும் அதில் ஏதாவது போடலாமா என்று வீட்டுக்கார அம்மாவைக் கேட்டேன். "கீரை போடுங்க, வெண்டை போடுங்க சார். மரம் கிரம் மட்டும் வெச்சுடாதீங்க" என்றார். வேர் சுவரைப் பிளக்கும் என்பது சொல்லிக்கொள்ளத் தகுந்த காரணம். மரம் வைத்தவன் லேசில் காலி செய்ய மாட்டான் என்பது சொல்லாமல் விடப்படும் காரணம். வீட்டை வாடகைக்கு விடுகிற எல்லோருக்கும் இந்த ஞானம் உண்டு.

தை கடைசியில் விதைத்தேன். முளைக்கீரை இருபத்தைந்து நாளில் பிடுங்கலாம். வெண்டை நாற்பத்தைந்தாம் நாள் வாக்கில் முதல் காய் தரும். கொத்தவரை அதற்குச் சற்றுப் பின்னே. கத்தரிக்கு நாற்று விட்டு, ஒரு மாதம் கழித்துப் பிடுங்கி நட்டு, அப்புறமும் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். கத்தரியோடு என் அதிகாரம் முடிந்தது. முருங்கை, எலுமிச்சை, கறிவேப்பிலை, தென்னை எல்லாம் சொந்தக்காரருடைய தாவரங்கள். தாவர சாஸ்திரம் குடும்பம், பேரினம், இனம் என்று பிரித்துக்கொண்டு போகிறது. குடியிருப்பவனின் வகைப்பாடு ஒரே கேள்வியில் அடங்கிவிடுகிறது: இது காய்க்கும்போது நான் இங்கே இருப்பேனா?

பி.ஏ. வகுப்பில் வால்டேரின் 'காண்டீட்' (1759) பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். உலகத்தின் அத்தனை அவலங்களையும் சுற்றிவிட்டு, தோட்டத்தைக் கவனிப்போம் என்று கதாநாயகன் முடிவுக்கு வருவதன் விவேகம் பற்றி. அந்தத் தோட்டம் அவன் காசு கொடுத்து வாங்கிய பண்ணையில் இருக்கிறது என்பதை யாரும் சொல்லவில்லை. எனக்கும் அப்போது தோன்றவில்லை.

புழக்கடைக்குச் சரித்திரம் எழுதுவதென்றால் செடிகளின் பயணத்தைச் சொல்வதே வழக்கமாகிவிட்டது. மிளகாயும் தக்காளியும் உருளையும் கொய்யாவும் பப்பாளியும் அமெரிக்கக் கண்டத்தவை. 1498இல் வாஸ்கோட காமா வந்த பிறகு ஐரோப்பியக் கப்பல்களின் வழியே வந்து சேர்ந்தவை. தக்காளி என்ற பெயர் முன்பே இங்கிருந்த வேறு சிறு செடிகளுடையது. மணத்தக்காளி அந்தப் பழைய வழக்கை இன்னும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. வாழைக்காய், புடலை, பாகல், சேப்பங்கிழங்கு என்று போகும் நம் சிராத்தச் சமையல், மிளகாயையும் தக்காளியையும் வாசலிலேயே நிறுத்திவைத்து, ஐந்நூறு வருஷத்துக்கு முந்திய ஒரு காய்கறிப் பட்டியலை மந்திரம்போல் பாதுகாத்து வந்திருக்கிறது. சுவாரஸ்யமான சரித்திரம்தான். ஆனால் இதில் செடிக்குத் தேசம் இருக்கிறது, நட்டவருக்கு விலாசம் இல்லை. யாருடைய மண்ணில் நட்டார்கள் என்று கேட்க இதில் இடமில்லை.

அந்தக் கேள்வியை நான் ஆபீஸில் தினமும் கேட்க வேண்டியிருக்கிறது. வீட்டுக் கடனுக்காக வரும் தாய்ப் பத்திரங்களில் 'நத்தம்' என்ற சொல் அடிக்கடி தட்டுப்படும். ஊரார் வீடு கட்டிக்கொள்ள ஒதுங்கிய நிலம் அது. வீடும் களமும் மாட்டுக்கொட்டிலும் புழக்கடையும் அதில் அடக்கம். ரயத்வாரி செட்டில்மெண்டில் நஞ்சைக்கும் புஞ்சைக்கும் தரம் உண்டு, தீர்வை உண்டு, யார் பேரில் என்று பதிவு உண்டு. நத்தத்துக்குத் தீர்வை இல்லை. ஆகவே உள்ளே வீடு வீடாக அளந்து எழுதவும் அவசியம் நேரவில்லை. 1980களின் கடைசியில் நத்தம் நிலவரித் திட்டம் வந்த பிறகே வீட்டுவாரிப் பட்டாக்கள் பரவலாக வந்தன. வரி கேட்காத நிலத்தை அரசாங்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. அரசாங்கம் பார்க்காததைச் சரித்திரக்காரர்களும் பார்ப்பதில்லை. நெல்லுக்கு ஆயிரம் வருஷத்துக் கணக்கு இருக்கிறது. கொல்லைப்புறத்து அவரைப் பந்தலுக்கு ஒரு வரி கிடையாது.

ஆனாலும் நத்தம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் ஒரு காட்சி துலங்குகிறது. முதலாம் ராஜராஜன் (985–1014) தஞ்சைப் பெரிய கோயிலுக்கு விட்ட கிராமங்களின் கணக்கு அந்தக் கோயில் சுவரிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு ஊரின் மொத்தப் பரப்பைச் சொல்லி, அதிலிருந்து வரியில்லாத நிலங்களைக் கழிக்கிறார்கள். ஊர் நத்தம் கழிக்கப்படுகிறது. கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு கழிக்கப்படுகின்றன. பறைச்சேரியும் கழிக்கப்படுகிறது – தனியாக, வேறொரு பெயரில். வரியைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. இருந்தும் நத்தம் என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டும் அடங்கவில்லை. கணக்கெழுதியவன் கொடுமைக்காரன் என்று நான் சொல்லவரவில்லை. என்னைப் போன்ற குமாஸ்தாதான் அவனும். ஊரில் எப்படி இருந்ததோ அப்படி எழுதினான்.

அந்தச் சோழர் கணக்கிலிருந்து எங்கள் பக்கத்துக்கு வர எட்டு நூற்றாண்டைத் தாண்ட வேண்டும். 1763இல் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி செங்கல்பட்டு ஜாகீரைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தார். 1767இலிருந்து 1774வரை தாமஸ் பார்னார்டு அங்கே ஏறக்குறைய 2000 ஊர்களைச் சர்வே செய்தார். 1794இல் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ் 1799இல் ஒரு நீண்ட அறிக்கை கொடுத்தார். 1818இல் எல்லிஸ் மிராசு உரிமையைப் பற்றி ஒரு பெரிய விளக்கமே எழுதினார். இவர்கள் எல்லோரையும் ஆட்டிவைத்த விஷயம் மிராசுதான்: ஊர் நிலத்தைப் பங்குகளாகப் பரம்பரையாக வைத்திருந்தவர்களுடைய உரிமை. தரிசு யாருடையது, மரம் யாருடையது, ஊர் வருமானத்தில் யாருக்கு எவ்வளவு என்று பக்கம் பக்கமாக விவாதித்தார்கள். மிராசுதாரின் உரிமையை அளந்த அக்கறையில் நூறில் ஒரு பங்குகூட அவர் வயலில் இறங்கி உழுதவனின் குடிசையடி மண்மேல் விழவில்லை.

அது விழுந்தது 1891இல். செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் அந்த ஜில்லாவின் பறையர்களைப் பற்றிக் கொடுத்த அறிக்கை இன்று பஞ்சமி நிலத்தின் ஆதாரமாகப் பேசப்படுகிறது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வீட்டு மனை பற்றிய விஷயம். சேரி இருக்கும் இடமும் தங்களுடையதே என்று மிராசுதார்கள் உரிமை கொண்டாடினார்கள். கூலி கூடக் கேட்டவனை, தரிசு கேட்டுச் சர்க்காருக்கு மனுப் போட்டவனை, வேதத்தில் சேர்ந்தவனை மனையைவிட்டு எழுப்புவதாக மிரட்ட முடிந்தது. அடிக்க வேண்டாம், கட்டிவைக்க வேண்டாம். நாளைக்கு இங்கே இருக்க மாட்டாய் என்ற ஒரு வாக்கியம் போதும்.

இந்த இடத்தில் என் இருபதடித் தோட்டம் எனக்கு உதவுகிறது. நாளைக்கு எழுப்பப்படலாம் என்றிருப்பவன் என்ன நடுவான்? முருங்கை நடுவானா? எலுமிச்சை வைத்து நாலு வருஷம் காத்திருப்பானா? கீரையைத் தெளிப்பான், குடிசைமேல் ஒரு சுரைக்கொடியை ஏற்றிவிடுவான். அதுவும் மழை ஈரத்தில். கோடையின் தொடக்கம் வந்தால் அதற்கும் வழியில்லை. மாசியில் என் பாத்திகளுக்கு நாலு குடம் போதுமாக இருந்தது. பங்குனி கடைசியில் எட்டுக் குடத்துக்கும் வெண்டை வாடுகிறது. ஊர்க் கிணற்றில் இறங்க முடியாத, தனக்கென்று கிணறில்லாத சேரியில் பங்குனி மாதத்துப் புழக்கடை எப்படி இருந்திருக்கும்? கோடைப் பட்டம் என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் சொல்லுக்குள் ஒரு கிணறு மறைந்திருக்கிறது. சொந்தத்தில் கிணறு இல்லாதவர்களுக்குக் கோடைப் பட்டம் என்ற பருவமே கிடையாது.

காலத்துக்கு ஏற்ற யோசனை அன்று இல்லாமல் போய்விட்டது என்று சமாதானம் சொல்ல முடியாது. இதே ராஜ்யத்தின் தலைநகரில் 1887இலேயே, கூலிக்காரர்களுக்கு நிலத்துண்டு கிடைக்க ஒரு சட்டமும், குடிசைத் தோட்டத்தைவிட்டுப் போகிறவர்களுக்கு நின்ற பயிருக்கு நஷ்டஈடு கொடுக்க இன்னொரு சட்டமும் பார்லிமெண்டில் நிறைவேறின. பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்டதை நேரில் பார்த்த கவிஞன் ஜான் கிளேர் செத்து இருபத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவன் நாட்டுக் கூலிக்காரனின் முட்டைக்கோஸுக்கு விலை உண்டு என்று சட்டம் ஒப்புக்கொண்டது. நான்கு வருஷம் கழித்து டிரமென்ஹீர் கேட்டதும் ஏறக்குறைய அதுதான். சென்னை சர்க்கார் 1892 செப்டம்பர் 30இல் 1010ஆம் எண் உத்தரவைப் போட்டது. தரிசு நிலங்கள் ஒதுக்கப்பட்டன. மொத்தம் 12 லட்சம் ஏக்கர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. மனைப் பிரச்சினை இழுத்துக்கொண்டே போயிற்று. 1920க்குப் பின் தொழிலாளர் கமிஷனரின் இலாகா மனைகளை வாங்கிக் கொடுக்கவும் கிணறு வெட்டவும் ஆரம்பித்தது. பிறருடைய நிலத்தில் குடியிருந்த விவசாயக் கூலிகளுக்கு மனையைச் சொந்தமாக்கிய குடியிருப்பு அனுபோகதாரர் சட்டம் 1971இல் வந்தது. 1892இல் கொடுத்த நிலங்கள் கைமாறிப் போன கதை இன்னும் முடியவில்லை. அவற்றைத் திரும்பக் கேட்டு 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் திரண்டவர்கள்மீது போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள்.

போன மாசியில் ஓர் அம்மாள் நகையைத் திருப்ப வந்தபோது ஒரு கட்டு முருங்கைக்கீரை கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார். காலனிப் பக்கத்திலிருந்து வருகிறவர். எங்கள் எல்லோருக்கும் பழக்கம். இதெல்லாம் எதற்கும்மா என்றேன். "கடையில வாங்கலியே சார். எங்க ஊட்டு மரம். பட்டா வந்த வருசம் எங்க மாமியார் வெச்சது" என்றார். முருங்கை அத்தனை வருஷம் நிற்குமா என்று கேட்டேன். "வார்தா புயல்ல சாஞ்சிருச்சு. அதுலயே ஒரு போத்து வெட்டி அங்கியே நட்டோம். அதே மரந்தான்" என்றார். பட்டா வந்த வருஷம் எது என்று அவருக்கு நினைவில்லை. நான் வற்புறுத்தவில்லை. தேதி மறந்து மரம் நினைவில் இருப்பதும் ஒரு பதிவுதான். எந்தத் தாலுகா ஆபீஸிலும் அதற்கு நகல் கிடைக்காது.

இந்தப் பகுதியின் சரித்திரம் என்று இப்போது சொல்லப்படுவது வேறு. 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை, 2006இல் செல்போன் தொழிற்சாலை, 2014இல் அது மூடல், 2010இல் ஒரகடத்தில் இன்னொரு கார். ஏக்கர் சதுர அடியாக மாறியது. மனைக்கு விலை ஏறியதும் புழக்கடைகளில் வரிசையாக வாடகை அறைகள் எழும்பின. நான் இருக்கும் போர்ஷனும் அப்படி ஒரு புழக்கடையின் பாதியில் கட்டியதே. மீதிப் பாதியில் என் வெண்டை நிற்கிறது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 படுக்கைகளுடன் ஒரு விடுதி திறந்தார்கள். அதற்கு முன்பு, 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டில் உடம்பு கெட்டுப்போன பெண்கள் பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புதிய விடுதி சௌகரியமானது என்கிறார்கள், இருக்கட்டும். கொல்லையில் நாலு கத்தரிச் செடி உள்ளவளுக்கு, போட்டதைச் சாப்பிட முடியாது என்று சொல்ல ஓர் இடம் இருக்கிறது. இல்லாதவள் சாலைக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.

என் நிலையையும் சேரியில் இருந்தவர்களுடைய நிலையையும் ஒன்றாக்கிப் பேசுவது அபத்தம். வீட்டுக்கார அம்மா ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தால் நான் வேறு தெருவுக்குப் போவேன். என் சம்பளமும் என் சாதியும் எனக்கு முன்னால் போய் வீடு பார்த்துவைக்கும். மரம் வைக்கக் கூடாது என்ற ஒரு வாக்கியம் எனக்குச் சின்ன எரிச்சல். அதே வாக்கியம் சிலருக்குத் தலைமுறைகளின் வாழ்க்கையாக இருந்திருக்கிறது. அந்த வித்தியாசத்தை மறந்துவிட்டுத் தோட்டத்தைப் படிமமாக்கும் கவிதைகளை இனிமேல் என்னால் பொறுமையாகப் படிக்க முடியுமென்று தோன்றவில்லை.

சித்திரை பாதியாகிவிட்டது. வெண்டையில் பாதிச் செடிகள் மஞ்சள் நரம்பு நோயில் வெளுத்துவிட்டன. வெள்ளை ஈ செய்த வேலை. அவற்றைப் பிடுங்கிவிட்டேன். கொத்தவரை ஓய்ந்துவிட்டது. கத்தரி, வெயிலின் பெயரைத் தானும் வைத்திருப்பதாலோ என்னவோ, சளைக்காமல் காய்க்கிறது. காய்க்குள் புழு இருந்தால் அந்தப் பாகத்தை அரிந்து போட்டுவிட்டுச் சமைக்கிறோம்.

அந்த அம்மாள் பங்குனியில் மறுபடி வந்தபோது நாலடி நீளத்துக்கு ஒரு முருங்கைப் போத்தைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை. கொண்டுவந்து குளியலறைச் சுவரோரம் சாத்திவைத்தேன். நடாமலே, அந்தச் சுவர் ஈரத்திலேயே, நாலு இடத்தில் துளிர்விட்டிருக்கிறது. வீட்டுக்கார அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை.