மீத்தேன் உண்ணும் பாக்டீரியாக்கள்: உலோகங்களின் வழியே ஓர் ஆய்வு வரலாறு

முன்னுரை

மீத்தேனை மட்டுமே உணவாகக் கொண்டு வாழும் பாக்டீரியாக்கள் சேற்றிலும் நெல்வயலிலும் ஏரிப்படுகையிலும் வெந்நீர் ஊற்றிலும் உள்ளன. ஆக்சிஜன் இல்லாத அடிச்சேற்றில் உருவாகும் மீத்தேனில் பெரும்பகுதியை, அது காற்றை எட்டுமுன் இவை உண்டுவிடுகின்றன. நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பமேற்றும் வாயு மீத்தேன் என்பதால், இவற்றின் வளர்சிதை மாற்றம் இன்று பருவநிலை ஆய்வின் முதன்மைக் கேள்விகளுள் ஒன்றாகிவிட்டது. இத்துறையின் ஒரு நூற்றாண்டு வரலாற்றை, பிரிட்டிஷ் உயிர்வேதியியலாளர் ஹோவர்ட் டால்டனின் (1944–2008) பணியை மையமாக வைத்து இக்கட்டுரை பின்தொடர்கிறது. இத்துறையின் பெரிய முரண்பாடுகள் பாக்டீரியாவிலிருந்து மட்டும் எழுந்தவையல்ல. அதை வளர்த்த கரைசலில் யாரும் பொருட்படுத்தாத சிறுஅளவு உலோகங்களும் அவற்றுக்குக் காரணம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடக்ககால ஆய்வுகள்: 1906 – 1970

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் பேயரிங்கின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய சோன்கன், மீத்தேனில் வளரும் பாக்டீரியாவை 1906இல் பிரித்தெடுத்து அதற்குப் பாசில்லஸ் மெத்தானிகஸ் எனப் பெயரிட்டார். அதன்பின் நெடுங்காலம் இத்துறை ஏறக்குறைய உறங்கியது. 1956இல் அமெரிக்காவில் டுவார்க்கினும் ஃபாஸ்டரும் அவ்வகைப் பாக்டீரியாவை மீண்டும் பிரித்தெடுத்த பிறகே ஆய்வு சூடுபிடித்தது.

மீத்தேன் உடலுக்குள் எப்படிச் செல்பொருளாக மாறுகிறது என்ற கேள்விக்கு விடை தேடியவர்களுள் ரோட்னி குவேல் முதன்மையானவர். மீத்தேன் முதலில் மெத்தனாலாகவும், பிறகு ஃபார்மால்டிகைடு, ஃபார்மேட் வழியாகக் கரியமில வாயுவாகவும் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. இந்த வரிசையில் ஃபார்மால்டிகைடு ஒரு கிளைப்புள்ளி. அதன் ஒரு பகுதி எரிந்து ஆற்றல் தருகிறது; மறுபகுதி செல்லின் உடலாகிறது. அந்த மறுபகுதி செல்லும் பாதைகள் இரண்டு. செரின் சுழற்சியைக் குவேலும் உடன் பணியாற்றியவர்களும் 1960களின் தொடக்கத்தில் விளக்கினர். ரிபுலோஸ் மோனோஃபாஸ்ஃபேட் சுழற்சி அடுத்து வந்தது.

1970ஆம் ஆண்டு இத்துறைக்கு ஒரு திருப்பம். ரோஜர் விட்டன்பரியும் உடனாய்வாளர்களும் நூற்றுக்கும் மேற்பட்ட மீத்தேன் உண்ணிகளைப் பிரித்தெடுத்து வகைப்படுத்தினர். செல்லின் உள்சவ்வு அமைப்பைக் கொண்டு முதல் வகை, இரண்டாம் வகை என்ற பாகுபாடு பிறந்தது. முதல் வகை ரிபுலோஸ் பாதையையும் இரண்டாம் வகை செரின் பாதையையும் பின்பற்றுவதாகப் பின்னர் அறியப்பட்டது. அதே ஆண்டு ஹிக்கின்ஸும் குவேலும் ஆக்சிஜன்-18 ஐசோடோப்பைப் பயன்படுத்தி, மெத்தனாலில் சேரும் ஆக்சிஜன் அணு தண்ணீரிலிருந்து அல்ல, காற்றின் ஆக்சிஜனிலிருந்தே வருகிறது என நிறுவினர். அதாவது, முதல் படியைச் செய்வது ஒரு மோனோஆக்சிஜினேஸ் நொதி.

இரு ஆய்வுக்கூடங்கள், இரு விடைகள்

அந்த நொதியைக் கையில் பிடிப்பதுதான் அடுத்த வேலை. மீத்தேனின் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பை முறிக்க மோல் ஒன்றுக்கு ஏறத்தாழ 439 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். தொழிற்சாலைகளில் மீத்தேனிலிருந்து மெத்தனால் செய்ய, முதலில் அதை 700 பாகை செல்சியசுக்கும் மேல் நீராவியுடன் வினைபுரியச் செய்ய வேண்டியுள்ளது. பாக்டீரியாவோ அதே மாற்றத்தைச் சாதாரண வெப்பநிலையில், ஒரே படியில் முடித்துவிடுகிறது.

சசெக்ஸில் நைட்ரஜன் நிலைப்படுத்தலில் முனைவர் பட்டம் பெற்ற டால்டன், 1973இல் வார்விக் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து இந்தச் சிக்கலை எடுத்துக்கொண்டார். அவர் தேர்ந்தது மெத்திலோகாக்கஸ் காப்சுலேட்டஸின் ‘பாத்’ இனம். இங்கிலாந்தின் பாத் நகரில் ரோமானியர் கட்டிய வெந்நீர்க் குளியலகத்திலிருந்து எடுக்கப்பட்ட இது, 45 பாகையில் செழித்து வளரும்.

செல்லை உடைத்து, சாற்றை அதிவேக மையவிலக்கியில் சுழற்றினால் சவ்வுத் துணுக்குகள் அடியில் படியும். கரையும் புரதங்கள் மேலே தெளிவில் நிற்கும். டால்டனும் ஜான் கோல்பியும் நொதியின் வேலையைத் தெளிவில் கண்டனர். 1976இல் அதை வெளியிட்டு, 1978இல் அதை மூன்று புரதங்களாகப் பிரித்தும் காட்டினர். ‘ஏ’ என்பது இரும்பைக் கொண்டு மீத்தேனைத் தாக்கும் பகுதி. ‘சி’ என்பது என்ஏடிஎச்சிடமிருந்து எலக்ட்ரான்களைப் பெற்றுத் தரும் பகுதி. ‘பி’ வினையைச் சீராக்கும் பகுதி. இந்த நொதி மீத்தேனோடு நிற்காமல் அல்கேன், அல்கீன், ஈதர், பென்சீன் வளையச் சேர்மங்கள் எனப் பலவற்றையும் ஆக்சிஜனேற்றும் என்பது 1977இல் வெளிவந்தது.

ஆனால் கென்ட் பல்கலைக்கழகத்தில் ஹிக்கின்ஸின் குழு, மெத்திலோசைனஸ் டிரைக்கோஸ்போரியம் என்ற இரண்டாம் வகைப் பாக்டீரியாவில் அதே வேலையைப் படிவில், அதாவது சவ்வில் கண்டது. இரு நொதிகளின் பண்புகளும் ஒத்துப்போகவில்லை. வேறுபாடு இனத்தாலா, பிரித்தெடுக்கும் முறையாலா என்ற விவாதம் சில ஆண்டுகள் நீடித்தது. ஒரே இனம் ஒரு வளர்ப்பில் கரையும் நொதியையும் மற்றொரு வளர்ப்பில் சவ்வு நொதியையும் தந்தபோது குழப்பம் இன்னும் கூடியது.

செம்பு தந்த தீர்ப்பு: 1983

விடை வார்விக்கிலிருந்தே வந்தது. ஸ்டான்லி, ப்ரையர், லீக், டால்டன் நால்வரும் 1983இல் வெளியிட்ட ஆய்வு, வளர்ப்பின் அடர்த்தி கூடக் கூட நொதி சவ்விலிருந்து தெளிவுக்கு இடம்மாறுவதைக் காட்டியது. கரைசலில் இருந்த செம்பின் மொத்த அளவு மாறவில்லை; செல்கள் பெருகியதால் ஒவ்வொரு செல்லின் பங்குக்கும் கிடைத்த செம்பு குறைந்தது. அந்நிலையில் செம்பு உப்பைச் சேர்த்ததும் சவ்வு நொதி திரும்பி வந்தது. செம்பு போதிய அளவு இருந்தால் பாக்டீரியா செம்பு சார்ந்த சவ்வு நொதியைச் செய்கிறது; பற்றாக்குறை வந்தால் இரும்பு சார்ந்த கரையும் நொதிக்கு மாறுகிறது. இரு ஆய்வுக்கூடங்களும் கண்டது சரியே. அவர்கள் வளர்ப்புகளின் செம்புநிலைதான் வெவ்வேறு.

இந்த மாற்றம் மரபணு படியெடுக்கப்படும் கட்டத்திலேயே நிகழ்கிறது என்பதை காலின் முரல் உள்ளிட்டோர் 1990களில் காட்டினர். கரையும் நொதியின் இரட்டை இரும்பு மையத்தை ரோசென்ஸ்வைக், லிப்பார்டு குழு 1993இல் படிக அமைப்பாக வெளியிட்டது. செம்பைப் பற்றிக் கொண்டுவரப் பாக்டீரியா சுரக்கும் மெத்தனோபாக்டின் என்ற சிறு மூலக்கூறின் அமைப்பு 2004இல் தெரியவந்தது. சவ்வு நொதியின் படிக அமைப்பு 2005இல் வந்தபோது, இரு செம்பு அணுக்கள் சேர்ந்த மையமே வினை நடக்கும் இடம் எனக் கருதப்பட்டது. 2019இல் வெளியான ஆய்வு அங்கு ஒற்றைச் செம்பு மையங்களே உள்ளன என்றது. அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

அருமண் தனிமங்கள்: 2014

செம்போடு கதை முடிந்துவிட்டதாகவே பலரும் நினைத்தனர். இத்தாலியின் நேப்பிள்ஸ் அருகே சோல்ஃபதாரா எரிமலைச் சேற்றிலிருந்து, கடும் அமிலத்தில் வளரும் மீத்தேன் உண்ணி ஒன்றை நெதர்லாந்தின் நைமேகன் குழு 2007இல் அறிவித்தது. அதை வளர்க்க, கரைசலில் அந்தச் சேற்றுநீரைக் கொஞ்சம் கலந்தாக வேண்டும். இல்லையேல் வளர்ச்சி இல்லை. சேற்றுநீரில் இருந்த தேவைப்பொருள் எது எனத் தேடியபோது லாந்தனம், சீரியம் முதலிய அருமண் தனிமங்கள் அகப்பட்டன. மெத்தனாலை ஆக்சிஜனேற்றும் நொதி, வழக்கமான கால்சியத்துக்குப் பதில் இவற்றைக் கொண்டு இயங்குவது 2014இல் நிறுவப்பட்டது.

உயிரினங்களுக்கு இத்தனிமங்களால் பயனில்லை என்பதே அதுவரை பாடநூல் கருத்து. இந்நொதிக்கான மரபணு பல பாக்டீரியாக்களில் முன்பே தெரிந்திருந்தும் அதன் பணி விளங்காமலேயே கிடந்தது. வழக்கமான ஆய்வுக்கூடக் கரைசலில் லாந்தனம் சேர்ப்பதில்லை. எனவே அந்நொதி தன் வேலையைக் காட்ட வாய்ப்பே இருக்கவில்லை.

முடிவுரை

1983இன் செம்பும் 2014இன் லாந்தனமும் ஒரே உண்மையைச் சொல்கின்றன. பாக்டீரியாவின் வளர்சிதை மாற்றம் என்று நாம் எழுதி வைத்ததில் ஒரு பகுதி, நாம் அதற்கு ஊட்டியதன் விளைவு. டால்டன் பின்னாளில் பிரிட்டிஷ் அரசின் சுற்றுச்சூழல் துறைக்குத் தலைமை அறிவியல் ஆலோசகராக 2002 முதல் 2007 வரை பணியாற்றினார். ஆயினும் அவருடைய நிலைத்த பங்களிப்பு செம்பு ஆய்வே என்பது இக்கட்டுரையின் முடிபு.

இதற்கு நடைமுறைப் பயனும் உண்டு. மாசடைந்த நிலத்தடி நீரில் டிரைக்குளோரோஎத்திலீனை வேகமாகச் சிதைப்பது கரையும் நொதிதான். அங்கே செம்பு மிகுந்தால் அந்நொதி உருவாகாது. நெல்வயல், குப்பைமேடு, கால்நடைப் பண்ணை ஆகியவற்றின் மீத்தேனைக் குறைக்க இப்பாக்டீரியாக்களைப் பயன்படுத்த முனைவோர், மண்ணின் ஈரத்தையும் வெப்பத்தையும் அளப்பதோடு அதன் செம்பையும் அருமண் தனிமங்களையும் அளந்து பதிவுசெய்ய வேண்டும். அந்தப் பதிவு இல்லாமல் ஒருவர் கண்ட முடிவை இன்னொருவர் முடிவோடு ஒப்பிடுவது முறையாகாது.