நான்காவது விதியும் பூட்டின கதவும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. சாரணர் இயக்கம். அதாங்க, ஸ்கவுட். பள்ளிக்கூட ஆண்டு விழாவுல கழுத்துல ஸ்கார்ஃப் கட்டிக்கிட்டு மூணு விரலால சல்யூட் அடிப்பாங்களே, தேர்த் திருவிழாவுல கயிறு பிடிச்சுக் கூட்டத்தை ஒழுங்கு பண்ணுவாங்களே, அந்தப் பசங்க.

போன மாசம் நண்பர் ஒருத்தரோட இதைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தேன். அவர் ஒரே போடாப் போட்டார்: "வெள்ளைக்காரன் கழட்டிப் போட்டுட்டுப் போன சட்டைய்யா அது. நாம எடுத்து மாட்டிக்கிட்டுத் திரியறோம்." கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நடந்தது வேற. அந்தச் சட்டையை நம்ம பசங்களுக்குத் தரவே மாட்டேன்னுதான் அவன் சொன்னான். நம்ம ஆளுங்க தனியாத் துணி எடுத்துத் தச்சுப் போட்டுக்கிட்டாங்க. அப்படித் தச்ச இடங்கள்ல முக்கியமான ஒண்ணு, மாமல்லபுரத்துலேருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடிச்சு வடக்கே போனா வர்ற அடையாறு. அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

முதல்ல பேரைப் பார்த்துடுவோம். 'சாரணர்' புதுசா உண்டாக்கின சொல் இல்லை. சிலப்பதிகாரத்துல கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோட மதுரைக்குப் போற வழியில சமணச் சாரணரைப் பார்க்கறாங்க. மணிமேகலையில சாதுவன் கப்பல் உடைஞ்சு ஒரு தீவுல கரை ஒதுங்கறான். அங்கே இருக்கறவங்களுக்கு நக்க சாரணர்னு பேர். ஊர் ஊரா நடக்கறவங்கன்னு ஒரு பொருள், ஒற்றர்ன்னு இன்னொரு பொருள். ஸ்கவுட்ங்கற சொல்லும் படைக்கு முன்னாடி போய் வேவு பார்த்துட்டு வர்றவனைக் குறிச்சதுதான். யார் தேடிப் பிடிச்சாங்களோ தெரியாது, பொருத்தமான பேர்.

பேடன் பவல் கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆனா அதுல இந்தியாவோட பங்கை யாரும் பெருசாச் சொல்றதில்லை. 1876-ல 19 வயசுல அவர் ராணுவ அதிகாரியா வந்து இறங்கினது லக்னோவுல. 1897-ல மறுபடி வந்து மீரட்டுல ஒரு குதிரைப் படைக்குத் தளபதியா இருந்தார். வேவு பார்க்கறது எப்படி, தடம் பார்த்துப் போறது எப்படின்னு சிப்பாய்களுக்குப் பாடம் நடத்தினார். அந்தப் பாடங்கள்லேருந்து உருவான ராணுவப் புத்தகம் 1899-ல வெளிவந்துச்சு. தென்னாப்பிரிக்காவுல மாஃபெகிங் முற்றுகை முடிஞ்சு அவர் இங்கிலாந்து திரும்பினா, அந்தப் புத்தகத்தைப் பொடிப் பசங்க படிச்சுக்கிட்டிருக்காங்க! அப்பதான் பசங்களுக்குன்னே எழுதலாம்னு தோணியிருக்கு.

1907 ஆகஸ்ட்ல பிரவுன்சீ தீவுல முதல் பாசறை. சுமார் இருபது பசங்க. அதுல பணக்காரப் பள்ளிக்கூடத்துப் பசங்களும் உண்டு, உழைக்கற குடும்பத்துப் பசங்களும் உண்டு. எல்லாரையும் கலந்து அணி அணியாப் பிரிச்சு ஒண்ணாத் தங்க வச்சார். அடுத்த வருஷம், 1908-ல, 'ஸ்கவுட்டிங் ஃபார் பாய்ஸ்' வந்தது. அதுல சாரண விதிகளும் இருந்தது. நாலாவது விதி என்னன்னா, சாரணன் எல்லாருக்கும் நண்பன், இன்னொரு சாரணன் எந்த வர்க்கத்தைச் சேர்ந்தவனா இருந்தாலும் அவனுக்குச் சகோதரன். இந்த நாலாவது விதியைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்குங்க.

1909-ல இந்தியாவுல முதல் படை. பெங்களூர்ல கேப்டன் பேக்கர்ங்கறவர் ஆரம்பிச்சார். அப்புறம் வேற ஊர்கள்லயும் வந்தது. எல்லாம் ஐரோப்பியப் பசங்களுக்கும் ஆங்கிலோ இந்தியப் பசங்களுக்கும் மட்டும். இந்தியப் பையனுக்கு இடம் கிடையாது. சகோதரன்னு சொன்ன நாலாவது விதி கப்பல் ஏறி வந்ததும் பல்டி அடிச்சிருச்சு.

இதுல பெரிய வேடிக்கை ஒண்ணு. பேடன் பவல் தன் புத்தகத்துல வச்ச ஒரு முக்கியமான விளையாட்டு 'கிம்'ஸ் கேம்'. ஒரு தட்டுல இருபது இருபத்தஞ்சு சாமானை வச்சு, ஒரு நிமிஷம் காட்டி, மூடிட்டு, என்னென்ன பார்த்தேன்னு எழுதச் சொல்றது. கிப்ளிங்கோட 'கிம்' நாவல்லேருந்து எடுத்தது. லாகூர்த் தெருவுல வளர்ற பையன் கதை அது. 1916-ல குட்டிப் பசங்களுக்காக ஆரம்பிச்ச குருளையர் பிரிவு முழுக்க 'ஜங்கிள் புக்'தான். அகேலா, பாலு, பகீரா எல்லாரும் மத்திய இந்தியக் காட்டுக்காரங்க. ஆக இந்தியக் காடு வேணும், இந்தியத் தெரு வேணும். மௌக்ளி நிஜமாவே வந்து வரிசையில நின்னிருந்தா, போடா வெளியேன்னிருப்பாங்க :)

ஏன் இந்தத் தடை? நிறத் திமிரு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் பயம். ஒரு படையில என்ன சொல்லித் தர்றாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. வரைபடம் படிக்கறது, கொடியால சேதி அனுப்பறது, தடம் பார்க்கறது, மத்தவங்க கண்ணுல படாம நகர்றது, வெட்டவெளியில தங்கிச் சமைச்சுச் சாப்பிடறது, அணித் தலைவன் சொன்னா உடனே செய்யறது. 1905 வங்கப் பிரிவினைக்கு அப்புறம் அங்கே இளைஞர் சமிதிகள் உடற்பயிற்சி, சேவைன்னு சொல்லிக்கிட்டே ரகசியமா வேற வேலை பார்த்த காலம். இந்தப் பாடத்தை நம்ம பசங்களுக்கும் நடத்தினா என்ன ஆகும்னு அதிகாரிகள் கணக்குப் போட்டுப் பார்த்திருக்காங்க. ராஜ துரோகத்துக்கு நாமளே பள்ளிக்கூடம் நடத்தறதா?

கதவு பூட்டியிருந்ததால நம்ம ஆளுங்க பக்கத்துலயே வேற வீடு கட்டினாங்க. 1913-ல மத்திய மாகாணத்துல விவியன் போஸ் (பின்னாடி உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனவர்) இந்தியப் பசங்களுக்குப் படை ஆரம்பிச்சார். வடக்கே ஷாஜஹான்பூர்ல ஸ்ரீராம் பாஜ்பாய் தனியா ஒண்ணு ஆரம்பிச்சார். நம்ம பக்கம் அன்னி பெசன்ட்.

பெசன்ட் அம்மையாரும் ஜார்ஜ் அருண்டேலும் சேர்ந்து 1916-17 வாக்கில சென்னையில 'இந்தியன் பாய் ஸ்கவுட்ஸ் அசோசியேஷன்' ஆரம்பிச்சாங்க. தலையில தொப்பிக்குப் பதிலாத் தலைப்பாகை. பாடறதுக்கு இந்தியப் பாட்டு. மத்தபடி அணி முறை, விதிகள், பாசறை எல்லாம் அதேதான். எந்தக் காலத்துல இதைச் செஞ்சாங்கன்னு பார்க்கணும். 1916 செப்டம்பர்ல ஹோம் ரூல் லீக் ஆரம்பம். 1917 ஜூன்ல சென்னை கவர்னர் பென்ட்லாண்ட் பிரபு அரசாங்கம் பெசன்ட், அருண்டேல், வாடியா மூணு பேரையும் காவல்ல வச்சது. ஊட்டியில இருந்தாங்க. செப்டம்பர்ல விடுதலை. அந்த டிசம்பர்ல கல்கத்தா காங்கிரசுக்கு அவரே தலைவர். அரசாங்கம் காவல்ல வச்ச ஆளுங்க பசங்களுக்குச் சீருடை போட்டு அணிவகுக்க வச்சா அதிகாரிகளுக்குத் தூக்கம் வருமா? 1918-ல அலகாபாத்துல மாளவியா, குன்ஸ்ரு, பாஜ்பாய் சேர்ந்து சேவா சமிதி சாரணர் சங்கம் ஆரம்பிச்சதும் தலைவலி ரெண்டாச்சு.

வெளியில நிக்கற கூட்டம் உள்ளே இருக்கறதைவிடப் பெருசாயிட்டா பூட்டுக்கு என்ன அர்த்தம்? 1921 தொடக்கத்துல வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்ட் அழைப்புல பேடன் பவலும் அவர் மனைவியும் இந்தியா வந்தாங்க. சென்னையில பெசன்ட்டோட பேச்சு நடந்து, அவங்க சங்கம் தாய்ச் சங்கத்தோட இணைஞ்சது. அவருக்குக் கௌரவ ஆணையர் பதவி. இந்தியப் பசங்களுக்குக் கதவு அதிகாரபூர்வமாத் திறந்தது. நம்ம மாகாணத்துப் பள்ளிக்கூடங்கள்ல சாரணர் படை பரவினதுக்கு இந்த இணைப்பு ஒரு முக்கியக் காரணம்.

இதை வெற்றின்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட முடியாது. உள்ளே போனா அரசருக்கு விசுவாசமா இருப்பேன்னு உறுதிமொழி எடுக்கணும். முந்தின டிசம்பர்லதான் நாக்பூர் காங்கிரஸ் ஒத்துழையாமைக்குத் தீர்மானம் போட்டிருந்தது. பெசன்ட் அதை எதிர்த்தவர். ஊரே அரசாங்கப் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வான்னு கூப்பிடற நேரத்துல, அவர் பசங்களைக் கூட்டிக்கிட்டு உள்ளே போனார். அலகாபாத்துக்காரங்க போகலை. அரசர் பேரில உறுதிமொழியும் லண்டன் தலைமையும் அவங்களுக்கு ஒத்துவரலை.

யார் செஞ்சது சரி? என் கட்சியைச் சொல்லிடறேன். ரெண்டும் வேண்டியிருந்தது. பெசன்ட் உள்ளே போகலைன்னா சாதாரணப் பள்ளிக்கூடத்துப் பையனுக்குப் பாசறை கிடைக்க இன்னும் பல வருஷம் ஆகியிருக்கும். மாளவியா கோஷ்டி வெளியே நிக்கலைன்னா அந்த உறுதிமொழியைக் கேள்வி கேட்க ஆள் இருந்திருக்காது. 1937-ல பேடன் பவல் டெல்லி ஜாம்போரிக்கு வந்தப்ப, இந்தியர்களோட குணத்தைப் பத்தி அவர் சொன்ன கருத்துகளால பெரிய கசப்பு. அடுத்த வருஷமே நிறையப் பேர் வெளியேறி ஹிந்துஸ்தான் சாரணர் சங்கம் உருவாச்சு. விடுதலைக்கு அப்புறம் நேருவும் ஆசாத்தும் முயற்சி எடுத்து, 1950 நவம்பர் 7-ல சங்கங்கள் ஒண்ணாகி பாரத சாரணர் இயக்கம் ஆச்சு. 1951 ஆகஸ்ட் 15-ல சாரணியரும் சேர்ந்தாங்க. உறுதிமொழியில அரசர் போய் நாடு வந்தது. நாலாவதா இருந்த சகோதர விதி, இப்போ நம்ம பட்டியல்ல மூணாவது.

இனி கொஞ்சம் கொசுவத்தி. நான் எண்பதுகள்ல செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல சாரணனா இருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூட்டம். கொடியேத்தம், நகம் முடி சோதனை, முடிச்சுப் பழக்கம், விளையாட்டு. பிரார்த்தனைப் பாட்டு இந்தியில. ஒருத்தனுக்கும் அர்த்தம் தெரியாது, ராகம் மட்டும் பிசகாது. வருஷம் ஒரு தடவை திருக்கழுக்குன்றம் வழியா பஸ்ல மாமல்லபுரம் வந்து, கடற்கரைச் சவுக்குத்தோப்புல பாசறை போடுவோம். மணல்ல கூடார முளை நிக்காது, காத்தடிச்சாப் பிடுங்கிக்கும். ஒரு கட்டையில கயிறு கட்டி, கட்டையைக் குறுக்கே படுக்க வச்சு முழங்கால் ஆழத்துல புதைச்சு மணலை மிதிக்கணும். அப்புறம் அசையாது. 'கிம்'ஸ் கேம்'க்கு எங்களுக்குத் தட்டும் சாமானும் தேவைப்படலை. சார் அர்ச்சுனன் தபசு முன்னாடி ஒரு நிமிஷம் நிக்க வச்சு, திரும்பி உட்காரச் சொல்லி, எத்தனை மிருகம்னு எழுதச் சொல்லுவார். யானையை எல்லாரும் எழுதுவோம். தவம் பண்ற பூனையையும் மூக்கைச் சொறியற மானையும் எழுதினவனுக்குத்தான் மார்க்.

எங்க அணியில எட்டுப் பேர். ஊர்த் தெரு, காலனி, மீனவர் குப்பம் எல்லாம் கலந்து. ஒரு வருஷம் ஒரு பையன் மூணு நாளைக்கும் புளிசோறு கட்டிக்கிட்டு வந்தான். மத்தவங்க சமைச்சதைச் சாப்பிடக் கூடாதுன்னு வீட்டுல உத்தரவு. சார் ஒண்ணும் சொல்லலை. வேலைப் பட்டியல்ல காலனிப் பையனைச் சமையலுக்கும் இவனைப் பரிமாறவும் போட்டார். ரெண்டாம் நாள் ராத்திரி புளிசோறு ஊசிப் போச்சு. பரிமாறி முடிச்சுட்டு இவனும் தட்டை எடுத்துக்கிட்டு உட்கார்ந்தான். யாரும் கண்டுக்கலை. காலனிப் பையன்தான் எழுந்து வந்து சாம்பார் ஊத்தினான்.

1909-ல பெங்களூர்ல போட்ட பூட்டு வெள்ளைக்காரன் போட்டது. அந்தப் பையன் வீட்டுல போட்டிருந்தது நாமளே போட்டது. முதல் பூட்டைத் திறக்க பெசன்ட், மாளவியா மாதிரி பெரிய ஆளுங்க வேண்டியிருந்தது. ரெண்டாவது பூட்டைத் திறக்கற வேலை அந்தந்த ஊர் ஸ்கவுட் சாருங்க தலையில விழுந்தது. அவங்க பேர் எந்தப் புத்தகத்துலயும் வராது. 2025 ஜனவரி கடைசியில மணப்பாறையில வைரவிழா ஜாம்போரி நடந்தப்ப, நாடு முழுக்க இருந்து வந்த பசங்க கூடாரம் போட்டுத் தங்கினதைத் தொலைக்காட்சியில பார்த்தேன். எனக்கு ஞாபகம் வந்தது அந்த சார்தான்.

என் நண்பர் இதையெல்லாம் கேட்டுட்டு, "சரி, சட்டை நம்மதுதான், ஆனா தையல் வெள்ளைக்காரன் மாடல்தானே"ன்னார். அதுவும் வாஸ்தவம்தான்!

பதிவர் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு படையும் கூட்டம், பாசறை, வேலைப் பட்டியல் எல்லாத்தையும் ஒரு லாக் புக்ல எழுதி வைக்கறது வழக்கம். நீங்க படிச்ச பள்ளிக்கூடத்து அலமாரியில அப்படி ஒண்ணு கரையான் அரிக்காம இருந்தா, முதல் பக்கத்துல என்ன வருஷம் போட்டிருக்கு, அணியில யார் யார் இருந்தாங்கன்னு பார்த்துச் சொல்லுங்க. படம் பிடிச்சுப் போட்டா இன்னும் நல்லது.