துணை வேண்டிய மன்னர்கள்

நட்பு நாட்டிற்கு இடுக்கண் நேருங்கால் துணை நிற்போம் என்று அளித்த வாக்கை ஒரு நாடு காத்தல் வேண்டுமா? பாலக்காட்டுக் கணவாயின் வரலாறு இவ்வினாவுக்கு நல்ல விளக்கம் தருகிறது.

1757-ஆம் ஆண்டளவில், கோழிக்கோட்டுச் சாமூதிரிக்கு அஞ்சிய பாலக்காட்டு அரசர், திண்டுக்கல்லில் அதிகாரம் செலுத்திய ஐதர் அலியின் உதவியை நாடினார். உதவி வந்தது. ஆனால் 1766-இல் ஐதரே மலபாரை வென்று பாலக்காட்டில் கோட்டையும் எழுப்பினார்.

திருவிதாங்கூரின் கதை வேறு. 1784-ஆம் ஆண்டின் மங்களூர் உடன்படிக்கையில் அதன் மன்னர் ஆங்கிலக் கம்பெனியின் நண்பராகக் குறிக்கப்பெற்றிருந்தார். எனினும் 1789 டிசம்பரில் திப்பு சுல்தான் நெடுங்கோட்டை அரணைத் தாக்கியபோது, சென்னை ஆளுநர் ஹாலண்டு உதவ முன்வரவில்லை. திருவிதாங்கூர்ப் படை தனித்து நின்றே முதல் தாக்குதலை முறியடித்தது. தலைமை ஆளுநர் காரன்வாலிஸ் பிரபு, நண்பரைக் கைவிடலாகாது எனப் போர் தொடுத்தார். ஆயினும் 1790 ஏப்ரலில் அரண் உடைந்தது. கம்பெனிப் படை பாலக்காட்டுக் கோட்டையைக் கைப்பற்றியதோ செப்டம்பரில்தான்.

1792-இல் மலபார் கம்பெனியின் வசமாயிற்று. காக்கப்பெற்ற திருவிதாங்கூரோ, 1805-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஆண்டுதோறும் 8 லட்சம் ரூபாய் செலுத்த நேர்ந்தது. திவான் வேலுத்தம்பியின் கிளர்ச்சிக்கு அச்சுமையும் ஒரு காரணம்.

நேயர்களே, கொடுத்த வாக்கு காக்கப்படவே வேண்டும். அதுவும் உரிய காலத்தில் காக்கப்பட வேண்டும். வாக்கைக் காத்தமைக்கு விலையாக நண்பனின் உரிமையைக் கேட்பது நட்பாகாது. துணை வேண்டுவோரும், வரும் படை எந்நாளில், எந்நிபந்தனையில் திரும்பும் என்பதை முன்னரே எழுதிக்கொள்வது அறிவுடைமையாகும்.