தேதியிடாத மடல்கள்

1948 ஜூலை 5 அன்று பிரித்தானியாவில் தேசிய நலவாழ்வுப் பணி தொடங்கியபோது, கட்டணமின்றி மருத்துவம் பெறும் உரிமை ஏழை, செல்வர் அனைவர்க்கும் வாய்த்தது. ஆயினும் அச்சுமையைத் தாங்கிய குடும்ப மருத்துவர்களைத் தாங்குவார் இல்லை. பட்டியலில் உள்ள மக்களின் எண்ணிக்கையை ஒட்டியே ஊதியம். உதவியாளரை அமர்த்திச் செவ்வனே பணியாற்றியவருக்கு இழப்பே மிஞ்சியது. பலர் கடல் கடந்து சென்றனர்.

1965-இல் அவர்களின் குரலாக நின்ற பிரித்தானிய மருத்துவச் சங்கம், தேதியிடாத பணிவிலகல் மடல்களைத் திரட்டியது. ஏறத்தாழ 22,000 பேரில் 18,000 பேர் கையொப்பமிட்டனர். அம்மடல்கள் அரசிடம் அளிக்கப்படவே இல்லை. அமைச்சர் கென்னத் ராபின்சன் பேச்சுக்கு இசைந்தார். 1966-இல் உருவான ஒப்பந்தத்தின்படி, உதவியாளர் ஊதியத்தில் 70 விழுக்காட்டை அரசு ஏற்றது.

மருத்துவரின் தொண்டுள்ளத்தைப் புகழ்வது எளிது. அவர்தம் குறையைக் கேட்கச் செவியும், சுமையைப் பகிரக் கையும் தருவதே நன்றியாகும்.