மூலிகையும் மொழியும்

1649 ஆம் ஆண்டு சனவரியில் இங்கிலாந்து மன்னன் முதலாம் சார்ள்ஸ் சிரச்சேதம் செய்யப்பட்டான். அதே ஆண்டில் இலண்டன் நகரத்துப் புத்தகக் கடைகளிலும் ஒரு கிளர்ச்சி தலைதூக்கிற்று. மருத்துவர் கழகத்தின் இலத்தீன் மருந்து நூலை, நிக்கலஸ் கல்பெப்பர் என்பவர் கழகத்தின் அனுமதியின்றி ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிட்டார். இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒரே சமுதாயக் கொந்தளிப்பின் இரு அலைகளே எனலாம்.

எட்டாம் ஹென்றி 1518 இல் வழங்கிய சாசனத்தாற் தோன்றியது அக்கழகம். இலண்டனிலும் அதனைச் சூழ்ந்த ஏழு மைல் எல்லையிலும் வைத்தியம் செய்ய எவருக்கு உரிமை உண்டென்பதை அதுவே தீர்மானித்தது. 17 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த அந்நகரில், கழகத்தின் அங்கத்தவர் சில பத்துப் பேரே! 1618 இல் கழகம் தனது மருந்து நூலை வெளியிட்டது. மருந்து கலந்து விற்கும் அப்போதிக்கரிகள் அந்நூலையே பின்பற்ற வேண்டுமென அரச ஆணையும் பிறந்தது. முத்தும், ஒற்றைக்கொம்பு விலங்கினது எனக் கருதப்பட்ட கொம்பும், அறுபதுக்கு மேற்பட்ட சரக்குகள் சேர்ந்த கலவைகளும் அதில் இடம்பெற்றன. ஏழை இவற்றை வாங்குவது எங்ஙனம்?

மூலிகை அறிவின் ஒரு பகுதி டயஸ்கோரிடீஸ் முதலான பண்டைக் கிரேக்கரிடமிருந்து வந்ததே. எனினும், வயலிலும் வேலியோரத்திலும் செடிகளை இனங்கண்டு பறித்து, சந்தைக்குக் கொணர்ந்து அப்போதிக்கரிகளுக்கு விற்றவர்கள் எழுத்தறிவற்ற ஏழைப் பெண்களே. இவ்வாறு உழைப்போர் கையினின்று வந்த பொருள், இலத்தீன் பெயர் பூண்டு, அவர்களுக்கே எட்டாத விலையில் அவர்களிடம் திரும்பிற்று.

1616 இற் பிறந்த கல்பெப்பர் கேம்பிறிட்ஜிற் பயின்றும் பட்டம் பெறாது வெளியேறி, அப்போதிக்கரி ஒருவரிடம் தொழில் பழகியவர். ஸ்பிற்றல்பீல்ட்ஸ் பகுதியில் ஏழைகளுக்கு வைத்தியம் செய்தார். உள்நாட்டுப் போரிற் பாராளுமன்றப் படையின் பக்கம் நின்று காயமுற்றார். அச்சகங்களை அடக்கிவந்த அரச நீதிமன்றம் 1641 இல் ஒழிக்கப்பட்டமை அவரது பணிக்கு வழிதிறந்தது. அவர் வெறும் மொழிபெயர்ப்போடு அமையவில்லை. மூலநூல் கூறாது விட்ட, எம்மருந்து எந்நோய்க்கு உரியது என்ற விளக்கத்தையும் சேர்த்தார். கழகத்தின் உண்மையான பூட்டு அங்கேதான் இருந்தது.

1652 இல், இங்கிலாந்து மண்ணில் விளையும் மூலிகைகளை மாத்திரம் கொண்டு தாம் எழுதிய நூலை மூன்று பென்ஸ் விலைக்கு விற்பனைக்கு விட்டார். வழியோரத்து மஞ்சட் பூச்செடியாகிய டன்டிலயன் சிறுநீரைப் பெருக்கும் என விளக்குமிடத்து, பிரெஞ்சுக்காரரும் ஒல்லாந்தரும் அதனை உண்ணும் வழக்கத்தைச் சுட்டி, அந்நாட்டு மருத்துவர் எம்மவர்போற் சுயநலமிகளல்லர் என இடித்துரைத்தார்.

ஆயினும் கல்பெப்பரைக் குறையற்றவராகக் காட்டுதல் வரலாறாகாது. ஒவ்வொரு மூலிகையையும் ஒவ்வொரு கிரகத்தின் ஆட்சிக்கு உட்படுத்திய சோதிட நம்பிக்கை அவருடையது. பொக்ஸ்குளோவ் என்னும் செடி அவர் நூலிலும் உண்டு. ஆனால் அது சுக்கிரனுக்குரிய, புண்ணாற்றும் மூலிகையாகவே அங்கு நின்றது. 1775 இல் வில்லியம் விதறிங் என்ற மருத்துவர், உடலில் நீர்கோத்து வீங்கும் நோய்க்கு ஷ்றொப்ஷயர் பகுதிக் கிழவி ஒருத்தி இரகசியமாக வைத்திருந்த குடும்ப மருந்தைப் பற்றிக் கேள்வியுற்றார். இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகள் கலந்த அம்மருந்திற் பயன்தருவது பொக்ஸ்குளோவே என உணர்ந்தார். பத்தாண்டுகள் நோயாளரிடம் அளவறிந்து பரிசோதித்து, தோல்விகளையும் மறையாது, 1785 இல் நூலாக வெளியிட்டார். இருதய நோய்க்கு இன்றும் வழங்கும் டிஜிட்டாலிஸ் மருந்தின் வரலாறு இது. விதறிங்கின் பெயர் நிலைத்தது. அக்கிழவியின் பெயரை அவர் குறித்து வைக்கவில்லை.

மக்களின் அறிவை மக்கள் மொழியில் மீட்டளித்தார் கல்பெப்பர். அதனைப் பரிசோதனைக்கு உட்படுத்தினார் விதறிங். முன்னது மட்டும் நின்றால் மூடநம்பிக்கையும் உடன் வளரும். பின்னது மட்டும் நின்றால் அறிவு மீண்டும் சிலரின் சொத்தாகும். இரண்டும் இணையும்போதே விஞ்ஞானம் மனிதகுலத்தின் பொதுவுடைமை ஆகின்றது. கல்பெப்பர் 1654 இல், தமது 37 ஆம் வயதில் மறைந்தார். அவர் உடைக்க முனைந்த பூட்டோ வேறுவேறு உருவங்களில் இன்றும் தொங்குகின்றது.